பெயர்த்து நட்ட விளையாட்டுகள்

தில்லியில் நான் வகிக்கும் உத்தியோகம் மொழிபெயர்ப்பு. சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலை, விண்ணப்பப் படிவம் ஒன்று என் மேசைக்கு வந்து சேர்ந்தது. ஆங்கிலத்திற்கென வகுக்கப்பெற்ற கட்டங்களுக்குள் தமிழை அமர்த்தித் தரவேண்டும். கட்டத்தின் அளவை மட்டும் எக்காரணத்தாலும் மாற்றலாகாது என்பது மேலிடத்து ஆணை. பத்து எழுத்துக்கு இடமுள்ள கட்டத்தில் இருபது எழுத்துத் தொடர் எவ்வாறு அடங்கும்? ஒரு சொல்லை விட்டேன், மற்றொன்றைக் குறுக்கினேன். பொருள் கெடவில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டு படிவத்தை அனுப்பிவிட்டு வீடு திரும்பினேன்.

எங்கள் குடியிருப்பின் மேல்தளத்தில் திருநெல்வேலிக் குடும்பம் ஒன்று வசித்து வருகிறது. அவர்கள் மகன் பொறியியல் மாணவன். பழைய வீடியோ விளையாட்டுகள் என்றால் உயிரை விடுபவன். அன்று மாலை அவன் என்னை அழைத்து, தன் கணினியில் ஒரே விளையாட்டின் மூன்று பிரதிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிக் காட்டினான். "மாமா, மூன்றும் ஒரே ஆட்டந்தான். ஆனால் இந்த ஒன்றில் மட்டும் ஒரு கதாநாயகனையே காணோம். எங்கே போயிருப்பான்?" என்று கேட்டான். காலையில் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டு, "கட்டத்தில் இடம் இருந்திராது, தம்பி" என்றேன். விளையாட்டாகச் சொன்ன அவ்விடை எழுத்துக்கு எழுத்து மெய்யென்பது பின்னர் தெரியவந்தது. அன்று முதல் இத்துறையில் எனக்கு ஏற்பட்ட ஈடுபாட்டின் பயனே இவ்வுரை.

1990-களில் பள்ளிச் சிறுவர்களாயிருந்த நேயர்கள், தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து ஆடும் மலிவான விளையாட்டுக் கருவியைக் கட்டாயம் கண்டிருப்பார்கள். நம் நாட்டுக் கடைகளில் அந்நாளில் விற்ற அக்கருவிகளில் மிகப் பல, ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி 1983-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஃபேமிகாம்' என்னும் கருவியின் போலிகளேயாம். ஆகவே ஜப்பானிய விளையாட்டு நமக்குப் புதிதன்று. ஆனால் அந்நாட்டின் எல்லையைக் கடந்து பெரிதும் வெளிவராத வேறு சில யந்திரங்கள் உண்டு. அவற்றின் பெயர்கூட நம்மவருக்குத் தெரியாது. பழைய விளையாட்டுகளின் மிகச் சிறந்த பிரதிகள் பல அந்த யந்திரங்களில்தான் உருவாயின.

விளையாட்டுக்குப் பிரதி எதற்கு என்று கேட்கலாம். வீடியோ விளையாட்டு முதலில் செழித்தது வீட்டில் அன்று. நாணயம் போட்டு ஆடும் கூடங்களில். அக்கூடங்களை 'ஆர்கேட்' என்பார்கள். ஆர்கேட் பெட்டி ஒவ்வொன்றும் பெரும் பொருட்செலவில், குறிப்பிட்ட வகை ஆட்டத்திற்கென்றே அமைக்கப்பட்ட யந்திரம். வீட்டுக் கருவியோ சிறியது, மலிவானது, எல்லா ஆட்டத்திற்கும் பொதுவானது. ஒன்றில் பிறந்த ஆட்டத்தை மற்றொன்றில் ஓடுமாறு திருப்பி எழுதுவதைத் துறையினர் 'போர்ட்' என்று சொல்வர். நாற்றங்காலில் முளைத்த பயிரைப் பறித்து வேறு வயலில் நடுவதற்கு ஒப்பான செயல் அது. மண் ஒத்துக்கொண்டால் பயிர் தழைக்கும், இல்லையேல் வெளிறிப்போகும்.

இவ்வேலை எத்துணை நுட்பமானது என்பதற்கு ஒரு சான்று போதும். 1978-இல் டைட்டோ கம்பெனிக்காக நிஷிகாடோ டோமோஹிரோ என்பார் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற ஆட்டத்தைப் படைத்தார். வேற்றுலகப் படையினர் 55 பேர் வரிசையாக இறங்கி வருவர். ஆடுபவர் அவர்களைச் சுட்டு வீழ்த்தவேண்டும். வீழ வீழ, எஞ்சியவர் நடை விரைவாகும். கடைசி ஒருவன் பறப்பான். நெஞ்சைப் படபடக்கச் செய்யும் அவ்வேகம் முதலில் திட்டமிட்டு வைத்ததன்று. 55 உருவங்களை வரைய அந்த யந்திரத்தின் பிராஸஸர் திணறியது. உருவம் குறையக் குறைய அதன் சுமை குறைந்து ஓட்டம் கூடியது. யந்திரத்தின் இயலாமையே ஆட்டத்தின் உயிராயிற்று. இதை வேகமான வேறொரு யந்திரத்திற்கு மாற்றுபவர், அந்த இயலாமையையும் அளந்து மாற்றவேண்டும். இன்றேல் சொல் வந்து சேரும், சுவை வாராது.

சுவை மட்டுமன்று, சொல்லே வந்து சேராத போர்ட்டுகளும் உண்டு. நம்கோ கம்பெனியின் 'பேக்-மேன்' 1980-இல் வெளிவந்து உலகை ஆட்கொண்டது. அதனை 1982-இல் அமெரிக்காவின் அடாரி 2600 கருவிக்கு மாற்றினர். அக்கருவியின் தற்காலிக நினைவகம் 128 பைட். கணினி முறையில் எழுதினால் தமிழில் ஒரு நடுத்தர வாக்கியம்கூட அதில் அடங்காது. திரையில் இரண்டு ஆட்டக்காரர்களையும் சில குண்டுகளையும் காட்டுவதற்கென வடிக்கப்பட்ட அந்த யந்திரத்தில் நான்கு பேய்களைக் காட்டவேண்டியிருந்தது. என் செய்வது? ஒரு பேயை ஒரு கணம், மற்றொன்றை மறு கணம் என்று மாற்றி மாற்றிக் காட்டினர். பேய்கள் எண்ணெய் வற்றிய விளக்கைப்போல் விட்டுவிட்டு மினுங்கின. பல இலட்சம் பிரதிகள் விற்றும், வாங்கியவர் ஏமாற்றத்திற்கு அளவில்லை. மாற்றியவரைப் பழிப்பது எளிது. 128 பைட்டைக் கையில் கொடுத்து அனுப்பியவர்களை எவரும் கேட்பதில்லை. ஃபேமிகாம் கருவியும் இதற்கு விலக்கன்று. நான்கு அரங்குகள் கொண்ட 'டாங்கி காங்' அதில் மூன்று அரங்குகளாகவே வந்தது.

இனி, ஜப்பானுக்கு மட்டும் தனி யந்திரங்கள் தோன்றியதேன்? விடை அம்மொழியின் எழுத்தில் இருக்கிறது. ஆங்கிலத்திற்கு 26 எழுத்து. சிறியதும் பெரியதும் எண்ணும் குறியுமாகச் சேர்ந்தாலும் நூற்றுக்குள் அடங்கிவிடும். ஜப்பானியருக்குக் கட்டாயமான காஞ்சி எழுத்துகளோ கணினித் தரப்பட்டியலில் மட்டும் ஆறாயிரத்திற்கு மேல். ஓர் எழுத்தைத் தெளிவாகக் காட்டக் குறைந்தது 16 வரிசையில் 16 புள்ளி, அதாவது 256 புள்ளி வேண்டும். அதற்கு 32 பைட். ஆறாயிரம் எழுத்தின் உருவங்களைச் சேமிக்கவே ஏறத்தாழ 190 கிலோபைட் ஆகும். 1982-இல் ஒரு சாதாரணக் கணினியின் மொத்த நினைவகமே 64 கிலோபைட் என்றால், இடர்ப்பாடு விளங்கும். அமெரிக்கக் கணினியை அப்படியே இறக்கி வைத்தால் ஜப்பானிய அலுவலகத்திற்கு அது பயன்படாது. ஆதலின் எழுத்துருவங்களைத் தனிச் சில்லில் பொதிந்து, நுண்ணிய புள்ளிகளைக் காட்டும் திரையோடு, தமக்கென்றே கணினி செய்துகொண்டனர். அதே ஆண்டில் என்.இ.சி. கம்பெனி வெளியிட்ட பி.சி.-98 வரிசை அவற்றுள் தலையாயது. இவ்வாறு எழுத்து எழுப்பிய மதிலுக்குள் ஒரு தனித்தோட்டம் வளர்ந்தது. என் போன்றோருக்கு இச்செய்தியில் ஒரு பெருமூச்சும் உண்டு. தம் எழுத்துக்காக யந்திரத்தையே மாற்றினார்கள், கட்டத்திற்காக எழுத்தை வெட்டவில்லை.

அத்தோட்டத்தின் அரிய மலர் ஷார்ப் கம்பெனியின் 'எக்ஸ்68000'. 1987 மார்ச்சில் வெளிவந்தது. ஜப்பானில் மட்டுமே விற்றது. இரண்டு கோபுரங்கள் சிறு இடைவெளி விட்டு அருகருகே நிற்பது போன்ற உருவம். உச்சியை அழுத்தினால் தூக்கிச் செல்லக் கைப்பிடி ஒன்று மேலெழும். ஃப்ளாப்பித் தட்டை நாம் பிடுங்கவேண்டியதில்லை; கட்டளையிட்டால் கணினியே வெளியே தள்ளும். உள்ளே 10 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் மோட்டரோலா 68000 பிராஸஸர், 1 மெகாபைட் நினைவகம், 65,536 நிறங்கள், யமஹாவின் இசைச் சில்லு. இவ்வளவும் எழுத்து வேலைக்கோ கணக்கு வேலைக்கோ தேவையானவை அல்ல. ஆர்கேட் பெட்டியின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தால் இவையே வரும். மேசைக் கணினி வேடத்தில் வந்த விளையாட்டு யந்திரம் அது எனில் மிகையாகாது.

அதனை வாங்கியவருக்கு உடன் கொடுத்த விளையாட்டு, கோனாமி கம்பெனி 1985-இல் ஆர்கேட்டில் வெளியிட்ட 'கிரேடியஸ்'. விண்கலம் ஒன்று பகைவரை வீழ்த்திச் செல்லும் ஆட்டம். அதில் கலத்தைப் பின்தொடர்ந்து நிழல்போல் வந்து உதவும் துணைக் கோளங்கள் நான்கு உண்டு. 1986-இல் ஃபேமிகாமுக்கு மாற்றியபோது துணைக் கோளங்கள் இரண்டாயின. திரையை ஊடுருவிச் செல்லும் ஒளிக்கற்றை குட்டையாயிற்று. எக்ஸ்68000 பிரதியில் கோளங்கள் நான்கும் வந்தன, ஒளிக்கற்றையும் நீண்டது. இல்லத்தில் அமர்ந்து ஆர்கேட்டையே ஆடுவதாக வாங்கியவர் மயங்கியிருப்பர்.

இந்த கிரேடியஸின் மூலத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. ஜப்பானில் அது முதலில் வெளிவந்தது காந்தக் குமிழி நினைவகம் என்னும் விந்தையான சாதனத்தில். குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யாது. காலையில் மின்சாரம் கொடுத்தவுடன் சூடேறும்வரை காத்திருக்கவேண்டும். காத்திருப்பவர் சலிக்காதிருக்க, திரையில் எண்கள் இறங்குமுகமாக ஓட, இனிய மெல்லிசை ஒன்று ஒலிக்கும். 'மார்னிங் மியூசிக்' என்பது அதன் பெயர். ஆர்கேட் கூடத்தைக் காலையில் முதலில் திறந்தவர் காதில்தான் அது விழும். அக்குமிழி நினைவகம் காந்தம் பட்டாலும் கெடும். இன்று ஓடும் நிலையில் உள்ளவை அரிது. ஆகவே மூலத்தைவிடப் பெயர்ப்பே நெடிது வாழ்ந்தது.

இப்போது காணாமற்போன கதாநாயகனைத் தேடுவோம். கேப்காம் கம்பெனி 1989-இல் ஆர்கேட்டில் வெளியிட்ட ஆட்டம் 'ஃபைனல் ஃபைட்'. கயவர் கையில் சிக்கிய நகர மேயரின் மகளை மீட்க மூவர் கிளம்புகின்றனர்: மேயரான ஹாகர், கோடி, கை. மூன்றாமவன் பெயர் உண்மையிலேயே 'கை' தான். 1990 டிசம்பரில் சூப்பர் ஃபேமிகாம் கருவிக்கு இது வந்தபோது கைவிடப்பட்டவன் கையே! அவனோடு தொழிற்சாலை அரங்கம் ஒன்றும் போயிற்று. இருவர் சேர்ந்து ஆடும் வசதியும் போயிற்று. திரையில் ஒரே சமயத்தில் மூன்று பகைவர்க்கு மேல் தோன்றவில்லை. காரணம் நான் முன் கூறியதே. ஆட்டம் அடங்கவேண்டிய கேட்ரிட்ஜின் கொள்ளளவு 1 மெகாபைட், அவ்வளவுதான் கட்டம். அக்கருவியின் பிராஸஸரும் வேறு குலத்தது. ஆர்கேட் பலகையில் எழுதிய நிரலின் ஒரு வரியும் அதற்கு நேரே புரியாது. சூப்பர் ஃபேமிகாம் வாங்கியோர் குறைபட்டுக்கொள்ளவே, 1992-இல் கை இடம்பெற்ற வேறொரு கேட்ரிட்ஜ் வெளியிட்டார்கள். அதில் கோடியைக் காணோம்! ஒரு சொல் விடுபட்டதென்று சுட்டிக்காட்டினால், அதைச் சேர்த்து வேறொரு சொல்லை நீக்கித் திருத்திய பதிப்பு அனுப்பும் அலுவலகங்களை நான் அறிவேன். நகைக்க என்னால் இயலவில்லை.

அதே 1992-இல் எக்ஸ்68000 கணினிக்கு 'ஃபைனல் ஃபைட்' வந்தது. மாற்றியது எஸ்.பி.எஸ். என்னும் கம்பெனி. மூன்று வீரரும் வந்தனர், தொழிற்சாலையும் வந்தது, இருவர் சேர்ந்து ஆடவும் முடிந்தது. பகைவர் கூட்டமாகவே வந்து சூழ்ந்தனர். இது மந்திரமன்று. கேப்காமின் ஆர்கேட் பலகையில் இருந்த பிராஸஸரும் மோட்டரோலா 68000. அதன் வேகமும் 10 மெகாஹெர்ட்ஸ். இசைச் சில்லும் அதே யமஹா சில்லு. தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குப் போவது வேறு. தமிழிலிருந்து மலையாளத்திற்குப் போவது வேறு அன்றோ? இரண்டாம் வகை அது. எனினும் உறவு மொழியே வழுக்கும் மொழி என்பதை மொழிபெயர்ப்போர் அறிவர். ஆர்கேட் பலகையில் எல்லாம் சில்லுகளில் ஆயத்தமாக இருந்தன. கணினியிலோ ஃப்ளாப்பித் தட்டிலிருந்து சிறிது சிறிதாக எடுத்து நினைவகத்தில் அடுக்கவேண்டும். எதை முன்னே எடுப்பது, எதைப் பின்னே நிறுத்துவது, ஆடுபவர் அயராமல் எங்கே சற்று நிறுத்துவது என்பவற்றைத் தீர்மானிப்பதில்தான் மாற்றுபவரின் திறமை இருந்தது.

இத்தனை சிறப்புக்கும் விலை உண்டு. எக்ஸ்68000 கணினியின் தொடக்க விலை 369,000 யென். திரைக்கு வேறே பணம். அந்நாளில் ஃபேமிகாம் 14,800 யென். ஒன்றின் விலைக்கு மற்றொன்றில் இருபத்தைந்து கிட்டத்தட்ட வாங்கலாம். செவ்விய பெயர்ப்பு செல்வர் சிலர் மேசையில் இருந்தது. குறைப்பட்ட பெயர்ப்பு நாடெங்கும் உலகெங்கும் பரவிற்று. உலகம் மூலமென்று எண்ணி மகிழ்ந்தது அந்தக் குறைப்பட்டதைத்தான்.

செல்வர்க்கு மட்டுமன்றி நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டிய ஒரு கருவி, 1987 அக்டோபரில் என்.இ.சி.யும் ஹட்சனும் சேர்ந்து வெளியிட்ட 'பி.சி. எஞ்ஜின்'. உள்ளங்கை இரண்டில் அடங்கும் சிறு வெண்ணிறப் பெட்டி. விலை 24,800 யென். அதன் விளையாட்டுகள் வங்கி அட்டையைப் போன்ற மெல்லிய அட்டைகளில் வந்தன. ஐரம் கம்பெனியின் 'ஆர்-டைப்' என்னும் ஆர்கேட் ஆட்டத்தை 1988-இல் இதற்கு மாற்றினர். எட்டு நிலைகள் கொண்ட ஆட்டம் ஓர் அட்டையில் அடங்கவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வெட்டவில்லை. நான்கு நிலைகளை ஓர் அட்டையிலும், எஞ்சிய நான்கை மற்றோர் அட்டையிலும் வைத்து, முதற் பாகம், இரண்டாம் பாகம் என்று பெரிய நாவலைப்போல் வெளியிட்டார்கள். வாங்குபவர் இருமுறை பணம் கொடுக்கவேண்டியிருந்தது என்பது உண்மைதான். ஆயினும் ஆட்டம் சிதையவில்லை. எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது. இதன் தம்பியாக 1989-இல் வந்த 'சூப்பர் கிராஃபிக்ஸ்' என்னும் கருவியோ பரிதாபத்திற்குரியது. அதற்கென்றே வெளிவந்த விளையாட்டுகள் மொத்தம் ஐந்து. அவ்வைந்தில் ஒன்றாகிய 'டைமகைமுரா', அதாவது பேயுலகில் புகும் வீரனின் ஆட்டம், அந்நாளில் வீட்டுக்கு வந்த அதன் பிரதிகளுள் மிகச் சிறந்தவற்றில் ஒன்று. ஒரு நல்ல நூலுக்காக அச்சகமே நடத்தி நொடித்தவர்கள் நம்மவரிலும் உண்டு.

இதுகாறும் மூலத்தை நெருங்கிய பெயர்ப்புகளைச் சொன்னேன். மூலத்தையே விஞ்சிய பெயர்ப்புகளும் உள. பி.சி. எஞ்ஜினுக்கு 1988 டிசம்பரில் குறுந்தகடு வாசிக்கும் துணைக்கருவி வந்தது. விளையாட்டுக் கருவிகளின் வரலாற்றில் குறுந்தகடு நுழைந்தது அதுவே முதல் முறை. ஃபால்காம் கம்பெனி 1987-இலும் 1988-இலும் கணினியில் வெளியிட்ட 'ஈஸ்' என்னும் வீரகதை ஆட்டத்தின் இரு பாகங்களையும் ஒரே கதையாக இணைத்து, ஹட்சன் 1989-இல் ஒரு தகட்டில் தந்தது. அட்டையில் இடமின்றித் தவித்தவர்களுக்குக் கடல் போன்ற இடம் கிடைத்தது. கோஷிரோ யூஸோ முதலியோர் அமைத்த மெட்டுகளை விரிவுபடுத்திப் பதிவு செய்து சேர்த்தனர். பாத்திரங்கள் வாய்திறந்து பேசினர். ஃபியுஜித்சு கம்பெனி குறுந்தகட்டை உள்ளேயே அமைத்து 1989-இல் வெளியிட்ட 'எஃப்.எம். டவுன்ஸ்' கணினியும் இவ்வகையே. 'ஜாக் மெக்ராகன்' என்னும் அமெரிக்க ஆட்டம் 256 நிறத்திலும் குறுந்தகட்டு இசையிலும் பொலிந்தது அமெரிக்காவில் அன்று. இந்த ஜப்பானியக் கணினியில்.

எனினும் இவ்வரிசையில் நான் முதலிடம் கொடுப்பது 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வுக்கு. ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் தம் தம்பியை ஓடச் செய்து, தாவச் செய்து, அதைப் படம்பிடித்து, சட்டம் சட்டமாகப் பார்த்து வரைந்து உருவாக்கிய ஆட்டம் அது. 1989-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வெளிவந்தது. அக்கணினியின் நினைவகத்தில் புதுப் பகைவன் ஒருவனுக்கு இடமில்லாது போகவே, இளவரசனின் உருவத்தையே சற்று நகர்த்தித் தன்மேல் தானே படியவைத்து, மின்னும் நிழல் மனிதன் ஒருவனைப் படைத்தார். தன் நிழலோடு தானே போர்புரியும் அக்காட்சி, கட்டம் சிறுத்ததால் பிறந்த கவிதை. ஆனால் ஆப்பிள் 2 அப்போது அந்திமக் காலத்தில் இருந்தது. ஆட்டத்தைத் தொடக்கத்தில் அமெரிக்கர் அதிகம் வாங்கவில்லை.

1990-இல் ஜப்பானின் ஆர்சிஸ் கம்பெனி இதனைப் பி.சி.-98 கணினிக்கு மாற்றியது. மூலத்தில் இளவரசன் வெண்ணிற உடையும் வெறுந்தலையுமாக ஓடியவன். ஜப்பானியர் அவனுக்குத் தலைப்பாகை கட்டினர். மேலாடை ஒன்று அணிவித்தனர். மங்கலாயிருந்த சிறைக்கூடத்தின் கல்லையும் தூணையும் நுண்ணிய புள்ளிகளில் வரைந்தனர். அசைவையோ காலக் கணக்கையோ அவர்கள் தொடவில்லை. எதைக் கூட்டலாம், எதில் கைவைக்கலாகாது என்னும் இந்த விவேகமே பெயர்ப்பின் உச்சம் என்பது என் கருத்து. பின்னர் அமெரிக்காவில் 1992-இல் மெக்கின்டாஷ் கணினிக்கு அதே ஆட்டம் வந்தபோது இளவரசன் தலையில் தலைப்பாகை இருந்தது. பெயர்ப்பிலிருந்து மூலத்தின் தாயகத்திற்கே திரும்பிச் சென்ற அணிகலன் அது. அவ்வாண்டே வெளிவந்த சூப்பர் ஃபேமிகாம் பிரதியில், 12 நிலைகள் 20 ஆயின. ஒரு மணி நேரக் கெடு இரண்டு மணி நேரமாயிற்று. கூட்டியது இங்கே சற்று அதிகம் என்பேன். ஆனால் எங்கள் மேல்தளத்துத் தம்பி ஒப்பமாட்டான்.

எக்ஸ்68000 கணினிக்குக் கோனாமி 1993-இல் அளித்த 'அகுமஜோ டிராகுலா'வும் இப்படி 1986-ஆம் ஆண்டு ஃபேமிகாம் ஆட்டத்தைப் புதிதாகவே எழுதிய ஒன்று. அதன் இசையைக் கணினியின் உள்ளிருந்த சில்லிலும் கேட்கலாம்; ரோலண்ட் கம்பெனியின் வெளி இசைக்கருவியை இணைத்தும் கேட்கலாம். ஒரே பாட்டு மூன்று வித்துவான்கள் கையில் மாறுவதுபோல் மாறும்.

அதன் பிறகு தோட்டத்தின் மதில் இடிந்தது. 1990-இல் ஐ.பி.எம். ஜப்பான் கிளை, காஞ்சி எழுத்தைத் தனிச் சில்லின்றி நிரலாலேயே காட்டும் முறையைக் கொண்டுவந்தது. உலகப் பொதுக் கணினியிலேயே ஜப்பானிய மொழி ஓடத் தொடங்கியது. எக்ஸ்68000 வரிசையில் கடைசி மாதிரி 1993-இல் வந்தது, பி.சி.-98 மட்டும் 2003 வரை தாக்குப்பிடித்தது. ஆர்கேட் ஆட்டங்களை வீட்டுக்குக் கொணரும் பணியைச் சேகா சாட்டர்ன் போன்ற கருவிகள் ஏற்றன. 1997-இல் 'எக்ஸ்-மென் வெர்ஸஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்' ஆட்டத்திற்காக 4 மெகாபைட் நினைவகத்தைத் தனியே சொருகும்படி சாட்டர்னில் செய்தனர். இடம் போதாவிட்டால் கட்டத்தைப் பெரிதாக்கு என்ற பழைய ஜப்பானிய வழக்கந்தான். அப்பிரதியும் ஜப்பானில் மட்டுமே வெளிவந்தது.

இன்று அந்த யந்திரங்கள் சாகின்றன. எக்ஸ்68000 கணினியின் மின்பலகையில் உள்ள கெப்பாசிட்டர்கள் முப்பது ஆண்டுக்குப் பின் கசிந்து, அடியிலுள்ள செம்புப் பாதைகளை அரித்துவிடுகின்றன. ஃப்ளாப்பித் தட்டின் காந்தப் பூச்சில் பூஞ்சை படர்கிறது. கேப்காமின் பிற்கால ஆர்கேட் பலகைகளில், நிரலைத் திறக்கும் மறைச்சாவி ஒரு சிறு பாட்டரியின் உயிரில் இருந்தது; பாட்டரி தீர்ந்தால் ஆட்டமே ஊமை. காப்பாற்ற முனைந்தோரும் உளர். 2000-ஆம் ஆண்டில் எக்ஸ்68000 கணினியின் இயக்க நிரல்கள் எவரும் இலவசமாகப் பெறுமாறு வெளியிடப்பட்டன. அதனால்தான் இன்று தில்லியில் ஒரு மாணவன் தன் கணினிக்குள் அக்கணினியைப் போலியாக இயக்கிப் பார்க்க முடிகிறது. டோக்கியோவில் 2011-இல் தோன்றிய கேம் பிரிசர்வேஷன் சொசைட்டி, பழைய தட்டுகளை அவற்றின் காந்தப் பதிவு முதற்கொண்டு படியெடுத்துவருகிறது. 2023-இல் ஜுய்கி என்ற கம்பெனி, அதே இரட்டைக் கோபுர உருவத்தில் சிறு கணினியொன்றைச் செய்து விற்றது.

யந்திரத்தையும் தட்டையும் காக்கிறார்கள். மாற்றியவர் பெயரைக் காப்பது அதனினும் கடினமாக இருக்கிறது. 1980-களில் ஜப்பானியக் கம்பெனிகள் பல, தம் திறமையாளரை வேறு கம்பெனி கவர்ந்து சென்றுவிடுமோ என்ற அச்சத்தால், ஆட்டத்தின் முடிவில் மெய்ப்பெயர் இட அனுமதிக்கவில்லை. செல்லப்பெயரோ வேடிக்கைப் பெயரோதான் வரும். அதிலும் மூலம் படைத்தவர் பெயர் பிற்காலத்தில் ஆராய்ந்து கண்டறியப்படுகிறது. இன்னொருவர் ஆட்டத்தை இரவு பகலாக வேறு யந்திரத்தின் மொழிக்குப் பெயர்த்தவரை யார் தேடுவார்? பல ஆட்டங்களில் கம்பெனியின் பெயர் மட்டுமே எஞ்சியுள்ளது. நான் தமிழாக்கிய படிவங்களிலும் என் பெயர் இல்லை. அங்கே அது முறையுங்கூட. ஆனால் தலைப்பாகை கட்டிய கைக்கு ஒரு பெயர் இருந்திருக்கவேண்டும் அல்லவா என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை மேல்தளத்துத் தம்பியிடம் கேட்டேன்.

அவன் விடை சொல்லவில்லை. இருபது நிலைகள் கொண்ட அந்த இளவரசனை ஆடிக்கொண்டிருந்தான். மூல ஆட்டமாயின் கெடு எப்போதோ முடிந்திருக்கும். இதில் இன்னும் 41 நிமிடம் மீதி இருந்தது. அவன் அன்னை இரண்டாம் முறையாகச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். "இந்த ஒரு கதவு மட்டும், மாமா" என்றான். நானும் உட்கார்ந்துவிட்டேன்.